இருதயம் ஓய்வெடுப்பது எப்போது?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மனித இருதயம் அவனவன் கைப்பிடியளவே பருமனுடையது. நிமிடத்துக்கு 70 முறைக்கு மேல் துடிப்பது. நாளொன்றில் ஏறக்குறைய 100,000 முறை சுருங்கி விரிவது. ஒவ்வொரு நிமிடமும் 5 லீற்றர் அளவு குருதியை வெளியே தள்ளுவது என்றெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்தேன். அவ்வேளை பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படியானால் இருதயம் ஓய்வெடுப்பது எப்போது?" என்று கேட்டான்.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. பிறப்பதற்கு முன்னரே தொடங்கி இறுதி மூச்சுவரை வேலை செய்யும் ஓர் உறுப்புக்கு ஓய்வு என்பது உண்டா? உண்டு என்பதே விடை. அந்த விடையைச் சரியாக விளங்கிக்கொண்டால், இருதய நலனைக் காப்பதற்கு நாம் நாள்தோறும் செய்யவேண்டியவை எவை என்பதும் தாமே விளங்கிவிடும்.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இருதயத்தில் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 0.8 செக்கன். அதில் ஏறக்குறைய 0.3 செக்கன் மட்டுமே இதயவறைகள் சுருங்கிக் குருதியைத் தள்ளுகின்றன. எஞ்சிய 0.5 செக்கன் அவை தளர்ந்திருந்து, அடுத்த துடிப்புக்கு வேண்டிய குருதியை வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கணக்கின்படி 24 மணித்தியாலத்தில் இதயவறைகளின் வேலை நேரம் 9 மணித்தியாலம். ஓய்வு நேரம் 15 மணித்தியாலம். ஒழுங்கான ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் கணக்கும் ஏறக்குறைய இதுவே! ஆனால், உத்தியோகத்தருக்கு ஓய்வு மொத்தமாகக் கிடைக்கின்றது. இருதயத்துக்கோ அது அரைச் செக்கன் அரைச் செக்கனாகச் சில்லறையில்தான் கிடைக்கின்றது.

அந்த அரைச் செக்கன் வெறும் ஓய்வும் அன்று. இருதயத் தசைக்கே உணவும் ஒட்சிசனும் கொண்டுவரும் முடியுருநாடிகளில் குருதி பெரும்பாலும் பாய்வது, அத்தசை தளர்ந்திருக்கும் அந்த வேளையிலேதான். ஊருக்கெல்லாம் அமுது படைப்பவன் தான் உண்பது பந்திகளுக்கு இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில்! துடிப்பு விரைவடையும்போது பெரிதும் குறைந்துபோவது வேலை நேரம் அன்று. இந்த ஓய்வு நேரமே.

எனவே, இருதய நலத்துக்கெனச் சொல்லப்படும் பலவகைப் பழக்கங்களையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்துவிடலாம். இந்தப் பழக்கம் இருதயத்தின் சுமையைக் குறைத்து ஓய்வைக் கூட்டுகின்றதா, அன்றிச் சுமையைக் கூட்டி ஓய்வைப் பறிக்கின்றதா? இஃதொன்றே கேள்வி.

விரல் நுனியில் ஒரு கணக்கு

அன்று மாணவர்கள் எல்லோரையும் தத்தம் நாடித்துடிப்பை எண்ணச் செய்தேன். வாசகர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்தபின், மணிக்கட்டில் பெருவிரலின் அடிப்பக்கமாக மற்றக் கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலால் பார்க்கக்கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு உண்டு. 30 செக்கன் எண்ணி இரட்டிப்பாக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும்.

பெரும்பாலான மாணவர்களுக்கு 70க்கும் 85க்கும் இடையில் இருந்தது. கல்லூரிக் காற்பந்தாட்டக் குழுவைச் சேர்ந்த மாணவன் ஒருவனுக்கு மட்டும் 58. தனக்கு ஏதோ வருத்தம் என்று அவன் பயந்துவிட்டான். அது வருத்தம் அன்று, பயிற்சியின் பயன். தினமும் ஓடி ஆடி வலுப்பெற்ற இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைத் தள்ளவல்லது. ஆதலின் குறைந்த முறை துடித்தாலே அதற்குப் போதும். நிமிடத்துக்கு 78 முறை துடிக்கும் இருதயம் 58 முறை துடிக்கப் பழகிக்கொண்டால், நாளொன்றுக்கு மிச்சமாகும் துடிப்புகள் 28,800. உடலை உழைக்க வைப்பவனே இருதயத்துக்கு ஓய்வு கொடுப்பவன்! கேட்பதற்கு முரண்போலத் தோன்றினும் உண்மை இதுவே. (தலைச்சுற்றோ மயக்கமோ சேர்ந்து துடிப்பும் குறைந்திருப்பின் அது வேறு, வைத்தியரிடம் காட்டவேண்டியது.)

காலிலே ஒரு துணைவன்

குருதி உடலைச் சுற்றி ஓடித் திரும்பவும் இருதயத்தையே வந்தடைகின்றது என்பதை ஐயந்திரிபற நிறுவியவர் இங்கிலாந்து வைத்தியராகிய வில்லியம் ஹார்வி. அவருடைய நூல் 1628ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையிலே ஒரு கட்டுப் போட்டு, புடைத்தெழும் நாளங்களை விரலால் நீவிப் பார்த்து, நாளங்களிலுள்ள வால்வுகள் குருதியை ஒரு திசையில் மட்டுமே, அதாவது இருதயத்தை நோக்கி மட்டுமே, செல்லவிடுகின்றன என்று அவர் காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

பாதத்திலுள்ள குருதி நான்கடி உயரத்துக்கு மேல் ஏறி இருதயத்தை அடைய வேண்டும். இந்த ஏற்றத்தில் இருதயத்துக்குத் துணை நிற்பவை கெண்டைக்கால் தசைகள். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் அவை சுருங்கி, உள்ளே செல்லும் நாளங்களைப் பிழிகின்றன. குருதி மேலே ஏறுகின்றது. வால்வுகள் அதனைத் திரும்பி இறங்கவிடாது தடுக்கின்றன. கெண்டைக்காலை 'இரண்டாவது இருதயம்' என்று வைத்தியர்கள் அழைப்பது இதனாலேயே. உட்கார்ந்தே இருப்பவனுக்கும் அசையாமல் நிற்பவனுக்கும் இந்த இரண்டாவது இருதயம் வேலைநிறுத்தம் செய்துவிடுகின்றது. நாள் முழுதும் நிற்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கால்கள் மாலையில் வீங்குவதற்கும், சிலருக்கு நாளங்கள் முறுக்கிக்கொண்டு புடைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். நிற்பது வேறு, நடப்பது வேறு.

அசையாதிருப்பதன் ஆபத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இரண்டாம் உலக யுத்த காலத்தில் இலண்டன் மாநகரில் நேர்ந்தது. 1940இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்கள் பாதுகாப்பறைகளில் சாய்வு நாற்காலிகளில் இரவிரவாகக் கிடந்தார்கள். குண்டுபடாமலே அவர்களுட் சிலர் திடீரென இறந்தனர். கால் நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி மேலே சென்று நுரையீரலை அடைத்ததே காரணம் என்பதைக் கீத் சிம்சன் என்னும் சட்டவைத்திய நிபுணர் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தை இரவு பஸ்ஸில் முழங்கால் மடித்தபடியே கடக்கும் நாம் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். அரைமணிக்கு ஒருமுறை குதிக்கால்களை உயர்த்தித் தாழ்த்துங்கள், கணுக்கால்களைச் சுழற்றுங்கள், பஸ் நிற்கும் இடங்களில் இறங்கிப் பத்து அடியாவது நடவுங்கள். வழியில் மலசலகூட வசதி இல்லையென்று தண்ணீர் குடியாமலே பிரயாணம் செய்வது நம் பெண்களிடம் மிகுந்துள்ள பழக்கம். அதுவும் நன்றன்று.

சாரதியும் நடத்துநரும்

அதே இலண்டன் மாநகரில் பின்னர் நடந்த ஆராய்ச்சி ஒன்று, தேகப்பியாசத்துக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியது. ஜெரமி மொறிஸ் என்ற வைத்திய அறிஞர் மாடி பஸ்களில் வேலை செய்வோரை ஆராய்ந்தார். சாரதி தம் வேலை நேரத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிப்பவர். நடத்துநரோ நாளொன்றில் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஒரே வீதி, ஒரே வண்டி. ஆயினும் மாரடைப்பு நடத்துநர்களைவிடச் சாரதிகளையே மிகுதியாகத் தாக்கியதை அவர் கண்டார். 1953இல் இம்முடிபு வெளியாயிற்று. சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே பருத்த உடலினராய் இருந்திருக்கலாமன்றோ என்ற ஐயம் எழுந்தபோது, மொறிஸ் அதனையும் மறைக்காமல், அவர்களுடைய சீருடைகளின் இடுப்பளவை எடுத்து ஆராய்ந்தார். ஓரளவு அஃதும் உண்மையாகவே இருந்தது. எனினும் நடந்தும் சைக்கிளிலும் கடிதம் விநியோகித்த தபாற்காரர்களும் மேசையில் இருந்த எழுதுவினைஞர்களைவிட நலமாகவே இருந்தனர். பிற்காலத்தில் உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகள் அடிப்படை உண்மையை உறுதிசெய்தன. மொறிஸ் தாமும் தேகப்பியாசத்தைக் கைவிடாது வாழ்ந்து, 2009இல் தமது 99ஆவது வயதிற் காலமானார்.

நம் பாட்டனார் காலத்தில் எவரும் 'நடைப்பயிற்சி' என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை. துலா மிதித்தார்கள், பட்டையில் நீர் இறைத்தார்கள், தோட்டம் கொத்தினார்கள், சந்தைக்கு நடந்தார்கள். பெண்கள் உரலிலும் அம்மியிலும் உழைத்தார்கள். அவ்வுழைப்பின் கடுமையை எண்ணி ஏங்கவேண்டியதில்லை. நீரிறைக்கும் இயந்திரமும் மாவரைக்கும் இயந்திரமும் வந்தது நன்மையே. ஆனால், அவை மிச்சப்படுத்தித் தந்த நேரத்தை நாம் நாற்காலிக்கும் கைத்தொலைபேசிக்கும் கொடுத்துவிட்டோம். அதிலிருந்து ஒரு பங்கை இருதயத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

எவ்வளவு? வயதுவந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட நேர மிதமான உழைப்பு வேண்டும் என்கின்றது உலக சுகாதார தாபனம். நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் இக்கணக்கு நிறைந்துவிடும். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே சரியான வேகம். முப்பது நிமிடத்தை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்தாலும் குற்றமில்லை. ஏற்கெனவே நெஞ்சுநோவோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கவேண்டும்.

உப்புப் பொதியின் கணக்கு

இருதயத்தின் சுமை என்பது பெரும்பாலும் குருதியமுக்கமே. உப்பு உடலில் நீரைத் தேக்கிவைக்கின்றது, குழாய்களில் ஓடும் குருதியின் அளவு கூடுகின்றது, அமுக்கம் உயர்கின்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்ட உப்பே போதும் என்பது உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீடு.

சமைக்கும்போது தேக்கரண்டியை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். அவர்களுக்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு 20 கிராம். ஆகவே, ஒரு கிலோ உப்புப் பொதி 50 நாளுக்குக் குறையாமல் வரவேண்டும். பொதியை உடைக்கும் நாளை நாட்காட்டியிற் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் முதன்முறை குறித்தபோது 31 நாளில் பொதி தீர்ந்துவிட்டது! பாண், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மிக்சர் ஆகியவற்றோடு வரும் உப்பு இந்தக் கணக்கிற் சேராதது. அவை மிகுந்த வீட்டில் பொதி இன்னும் கூடுதலான நாள் நின்றாக வேண்டும். சோற்றை உப்பிட்டு வடிப்பதை நிறுத்தினோம். புளியும் தேசிக்காயும் மிளகும் கொண்டு சுவையை ஈடுசெய்தோம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்குப் பழகிக்கொண்டது. இப்போது அதே அளவுப் பொதி 50 நாள் தாண்டி வருகின்றது.

மற்ற உணவு பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நமது பழைய சமையலறையிலேயே நல்லன பல உண்டு. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, மீன் உண்பார்க்குச் சூடையும் சாளையும். தேங்காயை வெறுக்கவேண்டாம். ஆனால், அதன் கொழுப்பு பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு என்பதை மறவாமல், எல்லாக் கறிக்கும் முதற்பாலை ஊற்றாது, சிலவற்றையேனும் கப்பிப் பாலோடு நிறுத்துங்கள். பொரியலைக் கொண்டாட்ட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புகையும் உறக்கமும்

புகையிலைக்குப் பெயர்போன மண் நம்முடையது. சுருட்டானாலும் சிகரெட்டானாலும் அதிலுள்ள நிக்கொற்றின் துடிப்பை விரைவுபடுத்திக் குழாய்களைச் சுருக்குகின்றது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனுக்குரிய இடத்தைக் குருதியிற் பிடித்துக்கொள்கின்றது. அதிக வேலை, குறைந்த கூலி: இருதயத்துக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. ஆயினும் நம்பிக்கையிழக்க வேண்டாம். புகைத்தலை விட்ட ஓராண்டுக்குள் அதனால் வந்த மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகின்றது.

உறக்கமோ இருதயத்துக்கு இயற்கை தந்த விடுமுறை. நல்ல உறக்கத்தில் துடிப்பும் தணிகின்றது, குருதியமுக்கமும் தாழ்கின்றது. பரீட்சைக்கு விழித்திருக்கும் மாணவரும், அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு தாமும் விழித்திருக்கும் தாய்மாரும் இதனைக் கவனிக்கவேண்டும். வயதுவந்தோருக்கு ஏழு மணித்தியால உறக்கமாவது வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு அதனினும் கூடுதலாக வேண்டும்.

நோவில்லாத நோய்

இனி நான் எழுதவிருப்பது எழுதுவதற்கு எளிதானதன்று. என் தந்தையார் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்குக் குருதியமுக்கம் உயர்ந்திருப்பதாக வைத்தியர் கண்டு குளிசை கொடுத்தார். ஓராண்டு தவறாமல் எடுத்தார். பின்னர், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி, வருத்தம் இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். குளிசை எடுத்தபடியினால்தான் வருத்தம் தெரியவில்லை என்பதை உயிரியல் படிப்பிக்கும் நான் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். "சரி, ஐயா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு காலைப் பொழுதில், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவரின் பேச்சுக் குழறியது. வலது கையிலிருந்து பத்திரிகை நழுவியது. களைப்பாக்கும் என்று எண்ணிப் படுக்க வைத்தோம், எண்ணெய் தேய்த்தோம், மத்தியானம்வரை காத்திருந்தோம். பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து, கொடுக்கத்தக்கவர்களுக்கு, முதல் நாலரை மணித்தியாலத்துள் கொடுக்கப்பட வேண்டியது. நாங்கள் வைத்தியசாலையை அடைந்தபோது அந்த நேரம் கடந்திருந்தது. அதன்பின் நாலு ஆண்டு அவர் வாழ்ந்தார். முப்பது ஆண்டு முத்துப் போன்ற எழுத்தில் அரசாங்கக் கோவைகளை எழுதிய அந்தக் கை, பின்னர் ஒருபோதும் தன் பெயரை எழுதவில்லை.

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாத நோய். அளந்தாலன்றித் தெரியாது. நாற்பது வயதை எட்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்துகொள்ளவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் தேநீரும் புகையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, பேசாமல் இருங்கள். 120/80 நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் வைத்தியர் சொற்படி நடக்கவேண்டும். தந்த குளிசையைத் தாமாக நிறுத்துதல் கூடவே கூடாது.

முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சை இறுக்கும் நோவு கைக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காது 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் கடும் நோவு இல்லாமலே, மூச்சுமுட்டலும் களைப்புமாக மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இன்றே தொடங்கலாம்

மேலே சொன்னவற்றுள் பணச் செலவுள்ளது எதுவும் இல்லை. அரைமணி நடை; ஒரு மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுதல்; உப்புப் பொதியிலே ஒரு திகதி; ஒழுங்கான உறக்கம்; புகையை விடுதல்; ஆண்டுக்கு ஒருமுறை குருதியமுக்கத்தை அளத்தல். எல்லாவற்றையும் ஒரே நாளிற் தொடங்கி ஒரே வாரத்திற் கைவிடுவதைவிட, ஒன்றைப் பிடித்து அது பழக்கமானபின் அடுத்ததைத் தொடங்குவதே அறிவுடைமை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் தந்தையார் கையையும் தாயார் கையையும் பிடித்து நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். பிறகு, "கடைசியாகக் குருதியமுக்கம் அளந்தது எப்போது? வைத்தியர் தந்த குளிசையை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறவேண்டாம்.